தியத்தலாவைக்கு டிக்கட் எடுக்கும் முன்

மாத்தளைத் தோட்டப் பக்கத்தில் ஒரு பையன் “ஆமிக்குப் போகப் போறேன்” என்றால் வீட்டில் எல்லாருடைய கண்ணுக்கும் ஒரே படம்தான் வரும்: துவக்கு, காவலரண், மாதக் கடைசியில் சம்பளம். அந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு வாசல் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாததால் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் முதலில் கண்ணில் பட்ட வாசலில் போய் நிற்கிறது.

முதல் வாசல் சிப்பாய்களுடையது. அதில் நுழைபவர் லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட் என்று ஏறி வொறன்ட் ஒபிசர் வரை போகலாம். இரண்டாவது அதிகாரிகளுடையது. அதில் நுழைபவரைப் பயிலிளவல் அதிகாரி என்பார்கள், பேச்சில் கடேற். பயிற்சி முடிந்து ஜனாதிபதியின் அதிகார ஆணை கிடைத்ததும் அவர் இரண்டாம் லெப்டினன். பிறகு லெப்டினன், கெப்டன், மேஜர், லெப்டினன் கேணல் என்று படி போகும். இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு, தகைமை வேறு, பயிற்சி வேறு. சிப்பாயாகச் சேர்ந்தவர் பின்னாளில் அதிகாரியாவதும் உண்டு. ஆனால் அது நீண்ட சுற்று வழி, அதை நம்பி முதல் வாசலில் நுழைய வேண்டாம்.

வித்தியாசம் சம்பளத்திலும் தோளில் இருக்கும் நட்சத்திரத்திலும் மட்டும் இல்லை. பயிற்சி முடித்து வரும் 22, 23 வயதுப் பிள்ளையிடம் முப்பது பேர் கொண்ட ஒரு அணியைக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் சார்ஜன்ட் அந்தப் பிள்ளை பிறக்கும் முன்பே சேவைக்கு வந்தவராக இருக்கலாம். அவர் உங்களை “சேர்” என்று கூப்பிடுவார். அந்த முப்பது பேரின் சாப்பாடு, லீவு, காயம், வீட்டுச் சண்டை, கடன் எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். இதைச் சுமக்க விருப்பமா என்பதுதான் முதல் கேள்வி. விருப்பம் இல்லாதவருக்கு இந்தப் புத்தகத்தில் வேறு அத்தியாயங்கள் இருக்கின்றன.

எந்தக் கல்லூரி, எந்த ஊர்

மாத்தளை மாவட்டத்துப் பிள்ளைக்குப் படை தூரத்து விஷயம் இல்லை. ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் பஸ்ஸில் போனால் நாவுலையில் விசேட படையணியின் தலைமையகம். சிகிரியாவில் விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானங்கள் இறங்கிய திடல் அது. நகரத்துக்குள்ளேயே 1803இல் ஆங்கிலேயர் கட்டிய மக்டோவல் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. ஆனால் பயிலிளவல்களை அதிகாரிகளாக்கும் கல்லூரி எதுவும் மாவட்டத்துக்குள் இல்லை. இரத்மலானை, தியத்தலாவை, திருகோணமலை ஆகிய மூன்று ஊர்ப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்மலானையில் இருப்பது ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். நாட்டின் மூன்றாவது பிரதமர் கொத்தலாவல தன் கந்தவளை வளவைக் கொடுத்தார். 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தால் அது பாதுகாப்புக் கல்லூரியானது. 1988இல் பட்டம் வழங்கும் அதிகாரம் வந்தது, 2007இல் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. உயர்தரம் முடித்த பிள்ளை பயிலிளவலாக இங்கே சேர்ந்தால் பொறியியல், மருத்துவம், சட்டம், முகாமைத்துவம், கணினி போன்ற ஒரு துறையில் பட்டம் படிக்கும். பட்டம் முடிந்ததும் அந்தந்தப் படையின் கல்லூரிக்குப் போய்ப் படைப் பயிற்சியை நிறைவு செய்யும். படிப்புக்குக் கட்டணம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் உண்டு, படிக்கும் காலத்திலேயே கொடுப்பனவும் உண்டு. கொழுந்துச் சம்பளத்தில் பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே வளாகத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் சிவில் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் விளம்பரமும் பயிலிளவல்களுக்கு வரும் விளம்பரமும் ஒரே பல்கலைக்கழகப் பெயரில்தான் வரும். தலைப்பில் “பயிலிளவல் அதிகாரி” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது நீங்கள் காசு கட்டிப் படிக்கும் வழி. படித்து முடித்தால் பட்டம் கிடைக்கும், தோளில் நட்சத்திரம் ஏறாது. யாராவது “கொத்தலாவலையில் இடம் எடுத்துத் தாறேன், இவ்வளவு லட்சம்” என்று வந்தால், அவர் இந்த இரண்டையும் குழப்பித்தான் உங்களிடம் பேசுகிறார் என்று கொள்ளுங்கள். பயிலிளவல் இடத்துக்கு விலை இல்லை. தரகர் கையில் கொடுத்த காசு திரும்பி வந்த கதை நான் கேட்டதில்லை.

தியத்தலாவையில் இருப்பது இலங்கை இராணுவக் கல்லூரி, எகடமி என்றும் சொல்வார்கள். பதுளை ரயில் பாதையில், கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே, பைன் மரமும் புல்வெளியும் பனியுமான ஊர். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேரைக் கொண்டுவந்து அடைத்த முகாம் இங்கேதான் இருந்தது. 1949இல் இலங்கை இராணுவம் உருவானபோது அதிகாரிகளாக வேண்டியவர்களை இங்கிலாந்தின் சான்ட்ஹர்ஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு தியத்தலாவையில் இராணுவப் பயிற்சி நிலையம் தொடங்கியது. பயிலிளவல் அதிகாரிகளின் முதல் அணி 1968இல் இங்கே பயிற்சிக்கு வந்தது. 1981இல் இராணுவக் கல்லூரி என்ற பெயர் கிடைத்தது. உயர்தரம் முடித்து நேரடியாக இராணுவ அதிகாரியாக விரும்புபவர் நிரந்தரப் படைக்கான பயிலிளவலாக இங்கே சேர்கிறார். அணிநடை, ஆயுதம், வரைபடம் வாசித்தல், படைச் சட்டம், காட்டுப் பயிற்சி என்று கிட்டத்தட்ட இரண்டு வருடமோ அதற்கு மேலோ போகும்.

கடற்படைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் கல்லூரி, விமானப்படைக்கு அங்கேயே சீனன்குடாவில் ஒன்று. விமானியாக வேண்டும் என்ற கனவு உள்ளவர் கண் மருத்துவரிடம் இப்போதே போய் நிறக் குருடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இருந்தால் அந்தக் கதவு மூடியது. அதை இருபது வயதில் கண்டுபிடிப்பதைவிடப் பதினாறில் கண்டுபிடிப்பது மேல்.

வேறு வழிகளும் உண்டு. பட்டம் முடித்த வைத்தியர், பொறியியலாளர் போன்றோரைத் தொழில்சார் அதிகாரிகளாக நேரடியாக எடுப்பார்கள். தொண்டர் படைக்கும் அதிகாரிகள் எடுக்கப்படுவார்கள். பெண் பிள்ளைகளுக்கும் பயிலிளவல் வழி திறந்தே இருக்கிறது. அறிவித்தலில் “ஆண்/பெண்” என்று போட்டிருப்பதைப் பார்க்காமலே “இது பையன்மாருக்கு” என்று அப்பாமார் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வருடம் முன்னால் தொடங்குங்கள்

நான் சொல்லும் முக்கியமான விஷயம் இதுதான்: உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு தயாரானால் காலம் போதாது. சாதாரணதரம் முடிந்து உயர்தர வகுப்பில் காலடி வைக்கும் வாரத்திலேயே மூன்று வேலையைத் தொடங்க வேண்டும். மொழி ஒன்று, கடதாசி ஒன்று, கால் ஒன்று. எங்கள் பிள்ளைகள் துணிச்சலில் தோற்பதில்லை. கடதாசியில் தோற்கிறார்கள், சிங்களத்தில் தோற்கிறார்கள்.

மொழியில் தொடங்குவோம். சட்டப்படி 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழிதான். அணிநடை மைதானத்தில் அந்தச் சட்டம் உங்களுக்காக வந்து நிற்காது. கட்டளை சிங்களத்தில் வரும். “சீருவென்” என்றதும் பாதம் சேர வேண்டும், “பஹசுவென்” என்றதும் தளர வேண்டும். அந்த ஒரு நொடியில் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றால் வரிசையில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள். பாடங்களுக்கு ஆங்கிலம் வேண்டும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு வாழச் சிங்களம் வேண்டும்.

மாத்தளைப் பிள்ளைக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ மட்டக்களப்புப் பிள்ளைக்கோ கிடைக்காத ஒன்று: சிங்களம் வீட்டு வாசலில் இருக்கிறது. உக்குவளைச் சந்தையில், இரத்தோட்டை பஸ்ஸில், மிளகும் கிராம்பும் வாங்க வரும் முதலாளியிடம் நாள் முழுக்கக் கேட்கலாம். ஆனால் நம் பிள்ளைகளின் சிங்களம் கடைச் சிங்களம். “கீயத, தென்ன” என்ற அளவில் நின்றுவிடும். எழுத்து வராது, மரியாதைச் சொல் வராது. நேர்முகத்தில் அதிகாரி ஒருவரிடம் “ஒயா” என்று தொடங்கிவிட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு. தினமும் ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் உயர்தரம் படிக்கும் ஒரு நண்பரைப் பிடித்து, வாரத்தில் ஒரு நாள் அவருக்குத் தமிழும் உங்களுக்குச் சிங்களமும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத ரியூஷன் இது. ஆங்கிலத்துக்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது. சாதாரணதரத்தில் ஆங்கிலத்தை அலட்சியமாக விட்டவர் அடுத்த தடவை மீண்டும் எழுதி நல்ல பெறுபேறு எடுத்துக்கொள்வதே சரி.

கடதாசி

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விண்ணப்பத்துக்கான முதல் நிபந்தனை இலங்கைப் பிரசையாக இருத்தல். மலையகத் தமிழருக்கு இந்த ஒரு வரியின் பின்னால் எவ்வளவு சரித்திரம்! 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போட்டது. கடைசியில் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான் மிஞ்சியிருந்தவர்களின் கணக்கை முடித்தது. இன்று பதினெட்டு வயதில் நிற்கும் பிள்ளை பிரசைதான், சந்தேகமில்லை. ஆனால் அப்பாவின் பழைய பத்திரம், அம்மாவின் பிறப்புப் பதிவு, தாத்தா பெயரில் வந்த கடிதம் என்று இழுக்கத் தொடங்கினால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்து மேசையில் விரியுங்கள். பக்கத்தில் தேசிய அடையாள அட்டை, சாதாரணதரச் சான்றிதழ், பாடசாலை அனுமதிப் பதிவு. நான்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? அப்பாவின் பெயர் ஒன்றில் முதலெழுத்தாக, மற்றதில் முழுப் பெயராக இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது இராமசாமியின் கடைசி எழுத்து ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறொன்று. தோட்டத்து கிளார்க் அன்று கேட்டதைக் கேட்டபடி எழுதியிருப்பார்; இன்று அதற்குப் பதில் சொல்பவர் நீங்கள். சின்ன வேறுபாடுகளுக்குச் சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக் கடதாசி போதும். பிறந்த திகதி மாறியிருந்தால், பிறப்பே பதியப்படாமல் போயிருந்தால், பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தமோ காலங்கடந்த பதிவோ செய்ய வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்த பிறகு தொடங்கினால் முடிவுத் திகதி முதலில் வந்துவிடும்.

கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழில் முகவரி எப்படி எழுதப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். “லயம் 14, மேல் பிரிவு” என்று ஓரிடத்தில், தோட்டத்தின் பெயர் மட்டும் இன்னோரிடத்தில் என்று இருந்தால் நேர்முக அழைப்புக் கடிதம் தோட்டத்து ஒபிசில் மேசைக்கடியில் கிடக்கும். தோட்டத்துக்கு வரும் தபால் எப்படி விநியோகிக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். நம்பகமான ஒரு நகர முகவரி இருந்தால், மாமா கடையோ ரீச்சர் வீடோ, தொடர்பு முகவரியாக அதைக் கொடுங்கள். தொலைபேசி எண்ணும் பரீட்சை முடியும் வரை மாறக் கூடாது. சிம் ஒன்றைத் தொலைத்ததால் அழைப்பைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அறிவித்தல் வர்த்தமானியிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் படைகளின் இணையத்தளங்களிலும் வரும். வயது பெரும்பாலும் பதினெட்டுக்கு மேல், இருபதுகளின் தொடக்கம் வரை. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தி. கொத்தலாவலை வழிக்கு இசட் புள்ளியும் பார்ப்பார்கள்; பொறியியலுக்குக் கணிதப் பிரிவு, மருத்துவத்துக்கு உயிரியல் பிரிவு என்று துறைக்குத் துறை கேட்பது வேறு. உயரம், நெஞ்சளவு, பார்வை எல்லாம் அறிவித்தலில் எண்ணாகவே இருக்கும். அந்த எண்கள் ஒரு தடவைக்கு மறு தடவை மாறக் கூடியவை. போன வருடம் அண்ணன் வைத்திருந்த பேப்பரைப் பார்த்து அளந்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள்.

கால்

உடலைப் பொறுத்தவரை மாத்தளைப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை. எல்கடுவை, கந்தேனுவரைப் பக்கம் பாடசாலைக்கு மேடு பள்ளம் நடந்து போன காலுக்குத் தியத்தலாவை மலை பயங்காட்டாது. குறைவது மேல் உடல். கம்பியில் தொங்கித் தாடையை மேலே கொண்டுவருவது, தரையில் படுத்து எழுவது, கயிறு ஏறுவது. ஒரு கொய்யா மரக் கிளை போதும், தினமும் காலையில் ஐந்தில் தொடங்கி மாதத்தில் பதினைந்துக்குக் கொண்டுவாருங்கள். 2 கிலோமீற்றர் ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து ஓடுங்கள்; மலையில் ஓடுவதும் சமதரையில் நேரம் பார்த்து ஓடுவதும் வேறு வேறு. நீச்சல் தெரியாத தோட்டப் பிள்ளைகள் அதிகம். கடற்படைக்குப் போக விரும்பும் ஒருவர் ஆற்றுக் குழியில் குதித்துப் பழகியதை நீச்சல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பல்லைப் பாருங்கள். வெற்றிலை பழகிய பல்லும் சொத்தைப் பல்லும் மருத்துவப் பரிசோதனையில் குறிக்கப்படும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே அடைத்துக்கொள்ளலாம். தட்டைப் பாதம், முழங்கால் ஒட்டுதல், காது, குடலிறக்கம் எல்லாம் பார்ப்பார்கள். பச்சை குத்துவதை ஒத்திப் போடுங்கள். காதலியின் பெயரானாலும் சரி, முருகன் வேலானாலும் சரி.

பாடசாலையில் மாணவர் படையணி இருந்தால் சேர்ந்துவிடுங்கள். 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய பழைய மரபு அது. இப்போது தேசிய அமைப்பாகி ரந்தம்பையில் அதற்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது. சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் ஒரு வாரம் கழித்த அனுபவம் எந்த ரியூஷனிலும் கிடைக்காது. உங்கள் பாடசாலையில் இல்லையென்றால் சாரணியமோ சென் ஜோன் முதலுதவிப் படையோ போதும். விளையாட்டில் மாகாண மட்டம் வரை போனவர் அந்தச் சான்றிதழை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நேர்முகம்

தேர்வு பல கட்டமாக நடக்கும்: ஆவணப் பரிசோதனை, உடற்தகுதி, எழுத்து மற்றும் உளவியல் சோதனை, குழு வேலை, மருத்துவம், கடைசியில் அதிகாரிகள் குழுவின் முன் நேர்முகம். குழு வேலையில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆறேழு பேரிடம் ஒரு பீப்பாயும் பலகையும் கயிறும் கொடுத்து, தரையில் கால் படாமல் அக்கரைக்குப் போங்கள் என்பார்கள். உடல்பலம் அதில் இரண்டாம் பட்சம். யார் யோசனை சொல்கிறார், யார் மற்றவர் சொல்வதைக் கேட்கிறார், திட்டம் பிழைத்ததும் யார் கத்துகிறார் என்று பார்ப்பார்கள். பெரியவர்கள் முன் வாய் திறக்காமல் இருப்பதை நல்ல பழக்கம் என்று வளர்த்த வீட்டுப் பிள்ளை அங்கேயும் அமைதியாக நின்றுவிடும். அது மரியாதை என்று அங்கே யாருக்கும் தெரியாது, தலைமைத் தன்மை இல்லை என்றே எழுதுவார்கள். உடைந்த சிங்களத்திலாவது ஒரு யோசனை சொல்லுங்கள்.

நேர்முகத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: ஏன் படைக்கு வர விரும்புகிறீர்கள்? மனப்பாடம் செய்த தேசபக்தியை அவர்கள் ஒரு நாளில் நூறு தடவை கேட்கிறார்கள். இலவசமாகப் படிக்கலாம் என்பதும் ஒரு காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள், கூடவே வேறென்ன என்பதையும் சொல்லுங்கள். செய்தி வாசித்துக்கொண்டு போங்கள். உங்கள் சொந்த மாவட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். 1848 மாத்தளைக் கலகத்தில் புரன் அப்பு யார், அலுவிகாரை எதற்குப் பேர்போனது, மொரகஹகந்தை நீர்த்தேக்கம் எந்த ஆற்றில் என்று தெரியாமல் மாத்தளைக்காரன் என்று சொல்லிக்கொள்வது சங்கடம்.

பின்னணி விசாரணையும் நடக்கும். பொலிசும் புலனாய்வுப் பிரிவும் வீட்டுக்கு வரலாம், அயலவரிடம் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர், எப்போதோ கைதான சித்தப்பா என்று எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு தெரியவந்தால் உண்மையைவிட அதுதான் பெரிய குற்றமாக எழுதப்படும்.

வீட்டில் பேச வேண்டியது

இதை எழுதாமல் விட்டால் இந்த வழிகாட்டி பொய்யாகிவிடும். பிள்ளை விரும்பினாலும் வீடு விரும்பாத காரணம் ஒன்று இருக்கிறது. 1983 ஜூலை மாத்தளை நகரத்திலும் எரிந்தது. அதை நினைவு வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 2009 வரை நீண்ட போரில் இந்தப் படைகள் யாருடைய ஊர்களுக்குள் போயின என்பதும் எல்லாருக்கும் தெரியும். அச்சம் தமிழ் வீடுகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, அவை எந்தக் காலத்தவை என்ற வாதம் ஒருபுறம் நடக்க, காணாமல் போன பிள்ளைகளை நினைத்து அழுத தாய்மாரில் பெரும்பாலோர் சிங்களத் தாய்மார்.

அதேநேரம் இன்னொரு பக்கமும் சரித்திரத்தில் இருக்கிறது. இலங்கை இராணுவத்துக்கு முதல் இலங்கையர் தளபதியாக 1955இல் வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். 1960இலிருந்து 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ராஜன் கதிர்காமர். 1962இல் தோற்ற ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சிக்குப் பிறகு அதிகாரிகளைச் சேர்க்கும் முறையின் நிறமே மாறியது. பிறகு மொழிக் கொள்கை, பிறகு போர். கதவு சாத்தப்பட்டதற்குக் காரணம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. நம் ஆட்களும் போகவில்லை. இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை.

பிள்ளைக்கு நான் சொல்வது: அம்மாவிடம் ஒளித்து விண்ணப்பம் போடாதீர்கள். பெற்றோரின் கையொப்பமும் ஒரு நாள் தேவைப்படும், விசாரணைக்கு ஆள் வரும்போது அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கவும் வேண்டும். பெற்றோருக்கு நான் சொல்வது: “வேணாம்” என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் காரணத்தைக் கேட்டு, அதைத் தாண்டியும் போக விரும்பும் பிள்ளைதான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

ஒப்பந்தத்தையும் சேர்ந்து வாசியுங்கள். படிப்புச் செலவைப் படை ஏற்பதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலம் சேவை செய்ய வேண்டும். இடையில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்குப் பிணையாளிகளும் கையெழுத்திட வேண்டும். தொகை பெரியது. பிணைக்கு வரும் மாமாவுக்கு அது என்னவென்று விளங்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரைக் கொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

போகும் நாள்

தெரிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல் கடிதத்தோடு வரும், அதற்கு மேல் எதையும் வாங்காதீர்கள். தியத்தலாவை என்றால் குளிருக்குப் பழகாத உடம்புக்கு ஒரு கம்பளி உள்ளாடை வாங்கலாம். புதுச் சப்பாத்து இரண்டு மாதம் முன்பே வாங்கி வீட்டுப் பாதையில் போட்டு நடந்து பழகுங்கள். முதல் வாரத்தில் கொப்புளம் போட்டவர்கள்தான் முதலில் பின்தங்குவார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், நோன்பு பிடிப்பவர், மாட்டிறைச்சி தொடாதவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பசியோடு மைதானத்தில் விழுந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

மாத்தளையில் ரயில் ஏறிக் கண்டியில் இறங்கி, பதுளைப் பாதையில் போகும் ரயிலைப் பிடிக்கலாம். மழைக் காலத்தில் மலைப் பாதையில் மண் சரிந்து ரயில் நிற்பது வழக்கம், முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓடாவிட்டால் கண்டியிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று பஸ். அறிக்கை செய்ய வேண்டிய நேரத்துக்கு முதல் நாளே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பது நல்லது. அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போகலாம், வாசல் வரைதான்.

ஆரம்ப வாரங்களில் கைத்தொலைபேசி கையில் இருக்காது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைக்க ஓடுவார். கடிதம் எழுதலாம். தபாலுறை பத்தும் முத்திரையும் பெட்டியில் வையுங்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் தங்கச்சியின் பெயருக்கு, பாடசாலை முகவரிக்கு எழுதுங்கள்.